கட்டி தட்டிய களி

மல்லாட்டை பிடுங்கும் நாளில், வேலைக்கு வந்தவர்களுக்கு நிலத்துக்காரர் வீட்டிலேயே களி கிண்டிப் போட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கூலியில் அதைக் கழிப்பதில்லை. வேர்க்கடலைக்கு மற்ற இடங்களில் என்ன பெயரோ, தமிழக எல்லையோர ஆந்திரத்தில், பிச்சாட்டூரைச் சுற்றியுள்ள ஊர்களில் அது மல்லாட்டைதான். அதைப் பிடுங்குகிற நாளின் நடுப்பகல் உணவு கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் களியை என் மனைவி கிண்டினாள். சென்ற ஐப்பசியில் அவள் இறந்தாள். இந்தப் பங்குனியில் கடலை முற்றியபோது, களியை நானே கிண்டுவது என்று முடிவு செய்தேன். அந்த முடிவினால் ஒரு சினைப்பசு சாகும் நிலைக்குப் போயிற்று. ஒரு பெண்மணி செய்யாத தவறுக்கு ஏச்சு வாங்கினார். நான் அருகிலேயே நின்றிருந்தேன். நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முப்பத்தோர் ஆண்டுகள் திருப்பதியில் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பித்தேன். வார நாட்களில் திருச்சானூரில் ஓர் அறை. சனிக்கிழமை மாலைப் பேருந்தில் ஊர். மூன்றரை ஏக்கர் நிலமும், அதன் வரப்போரத்துப் புளியமரங்களும், எட்டு மாமரங்களும், தொழுவமும் என் பெயரில் இருந்தன. என் மனைவியின் பொறுப்பில் இருந்தன. நான் அறிந்தது ஞாயிற்றுக்கிழமை நிலத்தை மட்டுமே. ஓய்வு பெற்று வந்த பிறகும் அந்த நிலைமை பெரிதாக மாறவில்லை. நான் படித்தேன், அவள் பயிர் பார்த்தாள். அவள் சமையலறைக்குள் நான் சென்றது தண்ணீர் எடுக்க மட்டும்.

ஆகவே ஐப்பசிக்குப் பிந்திய மாதங்களில் அந்த அறையில் நான் செய்த பிழைகள் ஏராளம். குண்டு போடாமல் குக்கரை ஏற்றிவிட்டு விசிலுக்காக முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். கொதிக்கிற பாலில் உறை ஊற்றினேன். கடுகு வெடிக்கும்வரை பொறுக்க வேண்டும் என்று தெரியும். வெடித்த பிறகு எத்தனை நொடி என்று தெரியவில்லை, தாளிப்பு கரியாயிற்று. ரசத்தில் உப்பை இருமுறை போட்டேன், அடுத்த நாள் போடவே இல்லை. இவற்றையெல்லாம் யாரும் பார்த்ததில்லை. தொழுவத்தில் ஒரு கழுநீர்த் தொட்டி உண்டு. அரிசி கழுவிய நீர், கஞ்சி, காய்த்தோல் எல்லாம் அதில்தான் சேரும், பசு குடிக்கும். குழைந்த சோறும் திரிந்த பாலும் அதே தொட்டிக்குப் போயின. பசு மறுத்ததில்லை. பிழை செய்வதும் பத்து நிமிடத்தில் அது இல்லாமல் போவதும் எனக்குப் பழகிவிட்டது.

அந்தப் பசுவுக்கு ஆவணியில் சினை ஊசி போட ஏற்பாடு செய்தவள் என் மனைவி. நாட்காட்டியில் அந்தத் தேதியை வட்டமிட்டு, வைகாசியில் ஈனும் என்று பின்பக்கத்தில் எழுதியிருந்தாள். அவள் தொடங்கி வைத்து முடியாமலிருந்த காரியம் அது ஒன்றுதான். மாசி அமாவாசைக்குப் படையல் போட நகரியிலிருந்து வந்த அவள் தங்கை, "மாட்டை வித்துடுங்க மாமா. உங்களால ஆவாது. யாருக்கு இந்தப் பாடு?" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். எனக்கு ஆகும் என்று நான் அவளுக்குப் பதில் சொல்லியிருந்தேன்.

கடலை பிடுங்குவதற்கு முந்தைய மாலை, தொழுவத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் வந்து வாசற்படிக்குக் கீழே நின்றார். ஐம்பது வயதிருக்கும். காலையும் மாலையும் வந்து சாணம் அள்ளி, தீனி வைத்து, தண்ணீர் காட்டிச் செல்பவர். என் மனைவி இருந்த காலத்திலிருந்தே வருகிறார். மறுநாள் பிடுங்க வரும் பதின்மூன்று பேரில் அவரும் ஒருவர்.

"நாளைக்கு களிக்கு நானு ஒரு மணி நேரம் முன்னாடி கழனிலேர்ந்து கரையேறி வந்துடறேன் சாரு. நொய்யி மட்டும் கழுவி வெச்சிடுங்க."

"வேண்டாம்மா. நானே செஞ்சிடறேன்."

"நீங்களா?"

"ஆமாம்."

"பதிமூணு பேரு களி சாரு. கை புடிச்சிக்கும்."

"தெரியும். நீங்க வேலையப் பாருங்க."

போகத் திரும்பியவர் நின்றார். பிறகு, "மாவ மேல கொட்டிட்டு மூடிடணும். கிண்டிடக் கூடாது ஒடனே" என்றார். நான் தலையசைத்தேன். கேட்டுக்கொள்ளவில்லை.

எனக்குக் கணக்கு இருந்தது. இரண்டு நாள் முன்னதாக ஒருவருக்கான அளவில் களி கிண்டிப் பார்த்திருந்தேன். இவ்வளவு நொய்யரிசி, இவ்வளவு தண்ணீர், இவ்வளவு கேழ்வரகு மாவு. உருண்டை கையில் ஒட்டாமல் வந்தது. அந்த அளவுகளைக் குறித்துவைத்துப் பதினான்கால் பெருக்கினேன். பெரிய குண்டானில் நீர் அதே விகிதத்தில் ஆவியாகாது என்பதை முதலாண்டு மாணவனும் சொல்லியிருப்பான்.

வீட்டுக்குப் பின்னால் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினேன். பதினொரு மணிக்கு நொய் வெந்தது. ஆனால் குண்டானில் பாதிக்கு மேல் தண்ணீராகவே நின்றது. அளந்து வைத்திருந்த மாவு முழுவதையும் கொட்டினேன். அது களியாகவில்லை, கூழாயிற்று. பதறி, மாவுப் பானையிலிருந்து கை கையாக அள்ளித் தூவித் துடுப்பால் கிண்டினேன். தூவிய இடத்திலெல்லாம் மாவு உருண்டுகொண்டது. ஓர் உருண்டையை உடைத்தால் உள்ளே உலர்ந்த மாவு. அதை நசுக்குவதற்குள் அடியில் பிடித்து, தீய்ந்த வாடை மேலே வந்தது. இன்னும் தண்ணீர் ஊற்றினேன். இன்னும் மாவு போட்டேன். பன்னிரண்டு மணிக்கு என் முன்னால் இருந்தது நான்கு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாத ஒரு குண்டான் நிறைய, கருகலும் பச்சை மாவும் சோறும் கலந்த ஏதோ ஒன்று.

கொல்லை வேலிக்கு அப்பால் பெண்களின் பேச்சுக் குரல் கேட்டது. இன்னும் ஒரு மணி நேரத்தில் கைகழுவிக்கொண்டு வந்து வரிசையாக உட்காருவார்கள்.

பிச்சாட்டூரில் ஒரு மெஸ்ஸுக்குத் தொலைபேசியில் சொல்லி, தக்காளி சாதமும் தயிர் சாதமும் பொட்டலங்களாக ஆட்டோவில் வரவழைத்தேன். ஆட்டோ வருவதற்குள் குண்டானிலிருந்ததை வாளி வாளியாக முகந்து தொழுவத்துக்குக் கொண்டுபோனேன். பசு ஆவலோடு தின்றது. தொட்டி காலியானதும் மறு வாளி. பெண்கள் உண்டு முடித்து மீண்டும் கழனிக்குப் போன பிறகு மிச்சத்தையும் வைத்தேன். நான்கு மணிக்குள் குண்டான் துடைத்தாற்போல் ஆயிற்று. அடியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். தொட்டியையும் கழுவிவிட்டேன்.

உணவின்போது பெண்கள் சும்மா இருக்கவில்லை.

"சாரு வூட்டு களி இந்த வருசம் ரப்பர் பேண்டு போட்டுக்கினு வந்திருக்குதுடி" என்றாள் ஒருத்தி.

"காலைலேர்ந்து பின்னால பொகை வந்துக்கினே இருந்திச்சே. அது இன்னா பொகை சாரு?"

"தண்ணி காய வெச்சேன்" என்றேன்.

"பங்குனி வெயில்ல வெந்நியா? சாருக்கு குளிருது போல."

எல்லாரும் சிரித்தார்கள். தொழுவத்து அம்மாள் சிரிக்கவில்லை. தயிர் சாதத்தைப் பிரித்துக்கொண்டே கொல்லைப் பக்கம் ஒருமுறை பார்த்தார், பிறகு உண்டார்.

மாலை அவர் வந்து பசுவுக்குத் தண்ணீர் காட்டினார். குடிக்கவில்லை. "வயிறு ரொம்பிக்கினு இருக்குது போல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, பிடுங்கிப் போட்ட கடலைக் கொடியில் ஒரு கட்டைத் தொழுவத்து ஓரம் சாய்த்து வைத்து, அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் பங்குனி அமாவாசை. அதற்கடுத்த நாள் உகாதி. காலை எட்டு மணிக்கெல்லாம் மைத்துனி வந்துவிட்டாள். கையில் ஓர் அகத்திக்கீரைக் கட்டு. அமாவாசையன்று முதலில் பசுவுக்கு அகத்திக்கீரை கொடுத்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவாள். குளித்த ஈரம் உலராமல் தொழுவத்துக்குப் போனவள், கீரையை நீட்டினாள். பசு முகர்ந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவள் மறுபக்கம் போய் நீட்டினாள். அது கழுத்தைத் தாழ்த்தி அப்படியே நின்றது.

"மாமா" என்று கூப்பிட்டாள். அழுகை வரப்போகும் குரல். "வாங்க மாட்டேங்குது. அக்கா வாங்கல."

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"பின்ன இன்னா? எந்த அமாவாசைக்கு வாங்காம இருந்துச்சி?"

நான் பசுவைப் பார்த்தேன். இடப்பக்க வயிறு உப்பி, விலா எலும்பின் வரிசை தெரியாமல் இறுகியிருந்தது. பல்லை நறநறவென்று கடித்தது. அசை போடவில்லை. காரணம் எனக்கு அப்போதே தெரியும். இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: பிறகு தெரிந்ததல்ல, அப்போதே தெரியும்.

தொழுவத்து அம்மாளும் வந்துவிட்டார். காதைத் தொட்டுப் பார்த்து, "ஜில்லுனு கீது. டாக்டரக் கூப்பிடுங்க" என்றார்.

எங்கள் பக்கத்துக் கால்நடை மருந்தகத்து உதவியாளரைத்தான் எல்லாரும் டாக்டர் என்போம். முப்பது வயது இளைஞர், தெலுங்குக்காரர். எங்களிடம் இரண்டு மொழியையும் கலந்து பேசுவார். ஒன்பது மணிக்கு வண்டியை நிறுத்தியவர் நேராகப் பசுவிடம் போய், வயிற்றைத் தட்டிப் பார்த்து, காய்ச்சல் பார்த்தார்.

"நின்ன ஏம் பெட்டாரு சார்? நேத்து இன்னா வெச்சீங்க, கரெக்டா சொல்லுங்க."

"எப்பவும் வைக்கறதுதான். வைக்கோல். புண்ணாக்குத் தண்ணி."

"அன்னம், பிண்டி? சோறு, மாவு ஏதாச்சும்?"

மைத்துனி என் பக்கத்தில் நின்றாள். உங்களால ஆவாது என்று சொல்லி ஒரு மாதம் ஆகியிருந்தது.

"இல்லை" என்றேன்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஓரத்தில் சாய்த்திருந்த கடலைக் கொடிக் கட்டு கண்ணில் பட்டது. "இதே சார். பச்சைக் கொடி. இத தின்னாதான் இப்படி உப்பும். யாரு போட்டது?"

"நான்தான்" என்றார் தொழுவத்து அம்மாள். "ரெண்டு கை போட்டேன் சார். அதுவும் காலைல புடுங்கி வெயில்ல வாடினது. வருசா வருசம் போடறதுதானே."

"ரெண்டு கையா ஒரு கட்டான்னு மாடா வந்து சொல்லப் போவுது?" என்றாள் மைத்துனி. "செனமாடுன்னு தெரியாதா உனக்கு? தெரிஞ்சிக்கினே போட்டிருக்கற. எங்க அக்கா இருந்தா உன்ன சும்மா விட்டிருப்பாளா?"

"அம்மா இருந்தா இன்னா நடந்திச்சின்னு என்னைக் கேட்டிருப்பாங்க சின்னம்மா. ஒடனே திட்ட மாட்டாங்க."

"வாய் வேற."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் மாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்திருந்தது. அடிக்கிளையில் எத்தனை பிஞ்சு என்று எண்ணினேன். பதினொன்று.

உதவியாளர் உப்புசத்துக்கான மருந்தை எண்ணெயில் கலந்து பாட்டிலால் புகட்டினார். வேறு ஊருக்குப் போக வேண்டும், மதியம் தொலைபேசியில் சொல்லுங்கள் என்று கிளம்பினார். மைத்துனி படையலுக்கான சமையலைத் தொடங்கப் போனாள். தொழுவத்து அம்மாள் வீட்டுக்குப் போகவில்லை. பசுவுக்கு எதிரே சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டார். ஏச்சு வாங்கியவர் போய்விட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஐப்பசியில் திருப்பதி மருத்துவமனையில், என் மனைவிக்கு எத்தனை நாளாக மூச்சிரைப்பு இருக்கிறது என்று மருத்துவர் என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவள் என்னிடம் சொன்னதில்லை, நானும் கவனித்ததில்லை. மருத்துவர் பேனாவோடு காத்திருந்ததால், மூன்று நாள் என்றேன். பிறகு அவளைக் கேட்டபோது மூன்று வாரம் என்று தெரிந்தது. அது தெரியாமல் சொன்ன பொய். என் பதிலால் சிகிச்சையில் எந்த வேறுபாடும் நேரவில்லை என்று அந்த மருத்துவர் பின்னர் அன்போடு எனக்கு விளக்கினார். அதை நம்புவதற்கு ஐந்து மாதம் முயன்றிருக்கிறேன். தொழுவத்தில் நின்று நான் சொன்னதோ, தெரிந்தே சொன்னது.

பத்தரை மணிக்குப் பசு படுத்துவிட்டது. தலையை விலாப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டது. எழுப்பினால் எழவில்லை. பதினொன்றரைக்கு, படுத்த நிலையிலேயே கழிந்தது. தண்ணீராக, புளித்த நெடியோடு. அந்த அம்மாள் கிணற்றடிக்குப் போயிருந்த சமயம் அது. நான் அருகே போய்ப் பார்த்தேன். பழுப்பு நீரில் வெள்ளையாகப் புள்ளி புள்ளியாய்த் தெரிந்தது, செரிக்காத நொய்.

சுவரில் சாய்த்திருந்த சாணி வாரும் மண்வெட்டியை எடுத்தேன். அறுபத்தெட்டு வயதில் முதல் முறையாக அதைக் கையில் எடுக்கிறேன். அவசரமாக வைக்கோலைத் தள்ளி மூடி, அப்படியே வாரிக் குப்பைக்குழியில் போட்டுவிட முனைந்தேன். திரும்பினால் தொழுவ வாயிலில் அந்த அம்மாள், இடுப்பில் குடத்தோடு.

குடத்தை இறக்கினார். "அத இங்க குடுங்க சாரு."

கொடுத்தேன். அவர் மண்வெட்டியின் நுனியால் வைக்கோலை விலக்கினார். குனிந்து பார்த்தார்.

"நொய்யி" என்றார்.

சமையலறையில் கிரைண்டர் ஓடும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. அவர் குரலைத் தாழ்த்தினார். அந்தத் தாழ்ந்த குரலை நான் மறக்க மாட்டேன். என் மானத்தைக் காப்பாற்றும் அக்கறை அதில் இருந்தது.

"எவ்ளோ வெச்சீங்க?"

"எல்லாம்."

"குண்டான் முழுசுமா?"

"ஆமாம். மாவும் வேகலை."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "டாக்டருக்கு போன் பண்ணுங்க. நானு யாராண்டையும் சொல்ல மாட்டேன். ஆனா டாக்டராண்ட நீங்க சொல்லணும். இல்லாங்காட்டி மாடும் போயிடும், கன்னும் போயிடும்."

தொலைபேசியில் தொழுவத்திலிருந்தே பேசியிருக்கலாம். வீட்டுக்குள் போனேன். சமையலறை வாசலில் நின்று, மைத்துனி கிரைண்டரை நிறுத்தும்வரை காத்திருந்து, எண்ணை அழுத்தினேன். என்ன வைத்தேன், எத்தனை வாளி, எத்தனை மணிக்கு, மாவு எந்த நிலையில் இருந்தது என்று முழுவதும் சொன்னேன். காலையில் நீங்கள் கேட்டதற்கு நான் பொய் சொன்னேன் என்பதையும் சொன்னேன்.

மறுமுனையில் வண்டிச் சத்தம் கேட்டது. "முந்தே செப்பாலி கதா சார்" என்றார். முன்பே சொல்லியிருக்க வேண்டாமா என்பது அதன் பொருள். கோபமில்லாமல், களைப்போடு சொன்னார். "ரெண்டு மணி நேரம் வேஸ்டு. இது உப்புசம் காது சார், உப்புசம் இல்ல, வயித்துக்குள்ள ஆசிடு. சோடா உப்பு இருக்குதா? கால் கிலோ தண்ணில கரைச்சு, கொஞ்சம் கொஞ்சமா புகட்டுங்க. புரை ஏறக் கூடாது. நான் வஸ்தா, வந்துடறேன்."

அமிலத்தைக் காரத்தால் சமன் செய்வதை முப்பத்தோர் ஆண்டுகள் ஆண்டுதோறும் முதல் செய்முறை வகுப்பாக நடத்தினேன்.

மைத்துனி உளுந்து மாவு ஒட்டிய கையோடு நின்றிருந்தாள். "மாமா" என்றாள். பிறகு, "அவளயா நானு அந்தப் பேச்சு பேசினேன்?"

"என்னால பேசினே."

"நீங்க பக்கத்துலதானே நின்னுக்கினு இருந்தீங்க."

"ஆமாம்மா."

அவள் உள்ளே திரும்பினாள். அலமாரியைத் திறந்து, அவள் அக்கா சோடா உப்பு வைத்திருந்த சிறு டப்பாவை எடுத்தாள். வேண்டியதில் கால் பங்கு கூட இல்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்தேன். பாதி வழியில் ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். உகாதிக்கு முந்தின நாள் கூட்டம். வெல்லமும் வேப்பம்பூவும் வாங்குகிறவர்களுக்கு நடுவில், கடைக்காரர் என்னிடம், "கால் கிலோ சோடா உப்பா சாரு? பஜ்ஜிக் கடை வைக்கறீங்களா?" என்றார். மாட்டுக்கு என்றேன். என் முகத்தைப் பார்த்து, எனக்கு முன்னால் நின்றவர்களை நிறுத்திவிட்டுக் கட்டிக் கொடுத்தார்.

அந்த அம்மாள் பசுவின் தாடையை உயர்த்திப் பிடித்துக்கொள்ள, மைத்துனி பாட்டிலைச் சாய்த்தாள். நான் கரைத்துக் கரைத்து ஊற்றிக் கொடுத்தேன். "மெதுவா சின்னம்மா, நிறுத்துங்க, முழுங்கட்டும்" என்றார் ஒருவர். "சரி, சொல்லு, எப்ப ஊத்தணும்னு நீயே சொல்லு" என்றாள் மற்றவள். அவர்களுக்கிடையே வேறு மன்னிப்புப் பேச்சு எதுவும் நடந்ததாக எனக்குத் தெரியாது.

உதவியாளர் ஒரு மணிக்கு வந்து, கழுத்து நரம்பில் பாட்டில் மருந்து ஏற்றினார். முதல் பாட்டில் முடிந்தும் பசு கண்ணைத் திறக்கவில்லை. இரண்டாவதைத் தொங்கவிட்டார். உத்தரத்துக் கயிறு அறுந்துவிட்டதால் அதை நான் கையிலேயே உயர்த்திப் பிடித்து நின்றேன். மாற்றிப் பிடித்துக்கொள்ளலாமா என்று மைத்துனி கேட்டாள். வேண்டாம் என்றேன். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. படையல் இலை உள்ளே ஆறிக்கொண்டிருந்தது. காகம் கூரைமீது வந்து கரைந்துவிட்டுப் போயிற்று. யாரும் எழுந்து போகவில்லை.

நான்கரை மணிக்கு மேல் அது முன்னங்காலை ஊன்றியது. மூன்று பேரும் பின்பக்கம் முட்டுக் கொடுத்தோம். எழுந்து நின்றது. நடத்துங்கள் என்றார் உதவியாளர். கிணற்றுக்கும் தொழுவத்துக்குமாக அந்த அம்மாள் நடத்தினார். வெயில் சாய்ந்து, இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே, பெரிதாக ஓர் ஏப்பம் விட்டது. சற்று நேரத்தில் தொண்டையில் ஓர் உருண்டை மேலேறுவது தெரிந்தது. தாடை பக்கவாட்டில் அசைந்தது.

"அசை போடுது" என்றாள் மைத்துனி. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

உதவியாளர் ஊசிகளைப் பையில் வைத்தார். "தல்லிக்குப் பயமில்ல, தாய் பொழச்சிக்கிச்சு. கன்னு விஷயம் இப்ப சொல்ல முடியாது சார். ரெண்டு நாள் பாருங்க. இந்த மாதிரி கேஸுல கர்ப்பம் தங்காம போவும். அசைவு இருந்தா சரி."

அவர் போன பிறகு தொழுவத்து அம்மாள் கைகால் கழுவினார். நான் அவரருகே போய், "உங்ககிட்ட நான்" என்று தொடங்கினேன்.

"இருங்க சாரு." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காலைல நானு திட்டு வாங்கிக்கினு இருந்தப்போ உங்களுக்கு தெரியும்தானே?"

"தெரியும்."

"தெரிஞ்சிக்கினே மரத்தப் பாத்துக்கினு இருந்தீங்க."

"ஆமாம்."

"டாக்டரு நாளைக்கு நாலு ஊருக்குப் போவாரு. பச்சைக் கொடி போட்டு செனமாட்ட சாவ அடிச்சவன்னு என் பேரு என்னைவிட வேகமா போயிருக்கும். அப்புறம் எவன் தொழுவத்துல என்னைச் சேப்பான்?"

நான் எண்ணிப் பார்த்திராத பக்கம் அது. என் மானம் ஒரு மைத்துனியின் முன் போவதைத் தடுக்க, இவருடைய பிழைப்பைப் பணயம் வைத்திருக்கிறேன்.

"களி கட்டி தட்டினா இன்னா சாரு?" என்றார். குரலில் கோபம் குறைந்து ஆயாசம் வந்திருந்தது. "கட்டிய ஒடைச்சி, வெந்நி தெளிச்சி, மூடிபோட்டு இன்னொரு தபா அனல்ல வெச்சா களிதான். அம்மாவுக்கே மொத வருசம் கட்டி தட்டிச்சி. நாங்க துன்னோம். சிரிச்சிக்கினே துன்னோம். நீங்க அன்னைக்கு திருப்பதில இருந்தீங்க."

அதை என் மனைவி என்னிடம் சொன்னதில்லை.

"மன்னிக்கணும்" என்றேன்.

"இன்னைக்கு வாணாம்" என்றார். "கன்னு இருக்குதா இல்லையான்னு தெரியட்டும்." குடத்தை எடுத்துக்கொண்டு போனார்.

மைத்துனி அன்று நகரிக்குத் திரும்பவில்லை. ஆறிப்போன படையலைப் போட்டு, காகத்துக்கு வைத்து, நாங்கள் இருவரும் உண்டோம். மாட்டை விற்பதைப் பற்றி அவள் பேசவில்லை. பேசியிருந்தால் நான் மறுத்திருக்க முடியாது. உகாதி எங்கள் வீட்டுக்கு இந்த ஆண்டு இல்லை. ஊரெங்கும் மாவிலை கட்டியிருந்தார்கள். அந்த அம்மாள் வழக்கமான நேரத்துக்கு வந்து, வைக்கோல் மட்டும் வைத்து, தொட்டியில் கை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு, என்னோடு பேசாமல் போனார். நான் பகலில் பலமுறை தொழுவத்துக்குப் போனேன். பசு தின்றது, அசை போட்டது. வயிறு வற்றித் தொய்ந்திருந்தது. வலப்பக்க வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். எதுவும் அசைந்ததாகத் தெரியவில்லை.

அதற்கு மறுநாள் காலை, மைத்துனி பையோடு கிளம்பி நிற்கும்போது, அந்த அம்மாள் தொழுவத்திலிருந்து குரல் கொடுத்தார். இருவரும் போனோம். பசுவின் வலப்பக்கம், விலாவுக்குக் கீழே, உள்ளங்கையைப் பதித்து அவர் நின்றிருந்தார். கண்ணை மூடியிருந்தார்.

"வாங்க சாரு. இங்க வைங்க."

அவர் கையை எடுத்த இடத்தில் என் கையை வைத்தேன். மயிரின் சூடு, மூச்சின் ஏற்ற இறக்கம், அவ்வளவுதான்.

"அழுத்தாதீங்க. சும்மா வைங்க. அவசரப்பட்டா தெரியாது."

நின்றேன். ஒரு நிமிடம் இருக்கும், இரண்டும் இருக்கும். ஈ ஒன்று வந்ததால் பசு தோலைச் சிலிர்த்தது. அதைத்தான் சொல்கிறாரோ என்று நினைத்தேன். இல்லை என்று தலையசைத்தார். மீண்டும் காத்திருந்தேன். என் உள்ளங்கைக்கு எதுவும் தெரியவில்லை.

அவர் என் கைக்குச் சற்றுக் கீழே தன் கையை வைத்தார்.

"ஒதைக்குது" என்றார்.

"தெரியுதா மாமா?" என்றாள் மைத்துனி.

எனக்குத் தெரியவில்லை. நான் அந்த அம்மாளைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கை வைத்த இடத்திலேயே கவனமாக இருந்தார்.

"எனக்குத் தெரியலம்மா" என்றேன். "ஆனா அவங்க சொல்றாங்க. இருக்கு."

கையை எடுத்துக்கொண்டேன்.